சீர் வரிசையில் ஒரு கூடாரம்

"எனக்குப் பீரோ வேணாம். அதுக்குப் பதிலா ஒரு கூடாரம் வேணும்."

கார்முகில் இதைச் சொன்னபோது அவள் அப்பா ரெங்கசாமி நோட்டுத் தாளில் 'தேக்குக் கட்டில்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் பேனாவைக் கொண்டுபோயிருந்தார். பேனா அந்தரத்தில் நின்றது. அம்மா சொர்ணவல்லியின் கையில் கேசரித் தட்டு நின்றது. கூடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது மின்விசிறி மட்டும்தான்.

பெண் வாயைத் திறந்து சீர் கேட்கக் கூடாது என்று சொர்ணவல்லி மகளுக்கு மூன்று தடவை சொல்லி வைத்திருந்தாள். முதல் நாள் ராத்திரி ஒரு தடவை, காலையில் தலை பின்னும்போது ஒரு தடவை, மாப்பிள்ளை வீட்டுக் கார் தெருமுனையில் திரும்பும்போது ஒரு தடவை. "அவுக என்ன கேட்டாலும் சிரி. கேக்காட்டியும் சிரி. அது வேணும் இது வேணும்னு மட்டும் ஒன் வாயிலேர்ந்து வரக் கூடாது." மகளும் தலையை ஆட்டியிருந்தாள். மேலும் கீழுமாக ஆட்டினாளா, பக்கவாட்டில் ஆட்டினாளா என்பதை அம்மா அவசரத்தில் கவனிக்கவில்லை.

கீரனூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா பிரகதாம்பாள் பெருந்தன்மையானவள். "எங்களுக்கு ஒன்னும் வேணாம், ஒங்க பொண்ணுக்கு நீங்க செய்யிறதுதான்" என்று வந்ததிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டாள். மூத்த மருமகள் கொண்டுவந்த பீரோவில் ஆளுயரக் கண்ணாடி பதித்திருந்ததை, யாரும் கேட்காமலே, நான்காவதாகச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் ரெங்கசாமி பேனாவை எடுத்தார். அதற்குப் பிறகுதான் கார்முகிலும் வாயைத் திறந்தாள்.

"கூடாரமா?" என்றாள் பிரகதாம்பாள். "எதுக்கு தாயி, சர்க்கஸ் நடத்தவா?"

"பறவை எண்ண, அத்தை."

"பறவைய எண்ணுறதுக்குக் கூடாரத்துக்குள்ள ஏன் போகணும்? அது வெளியிலதான இருக்கும்?"

வாசலோரம் நாற்காலியில் இருந்த மாப்பிள்ளை கோபிநாத் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான். கார்முகிலின் முகம் இன்னும் கொஞ்சம் கறுத்தது. ஊரே வறண்டு கிடந்த ஒரு வருஷத்தில், மேகம் கூடிய நாளில் பிறந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். மழை ஒரு நாளோடு போய்விட்டது, மேகம் மட்டும் இந்தப் பிள்ளையின் முகத்திலேயே தங்கிவிட்டது என்று தெருவில் சொல்வார்கள்.

"விடியக்காலம் அஞ்சரைக்குக் கண்மாய்க்கரையில நிக்கணும் அத்தை. வெளிச்சம் வந்து ஒரு மணி நேரத்துல அதுகபாட்டுக்கு மேயப் போயிரும். நம்ம பக்கத்துல பாதிக் கண்மாய்க்கு மொத பஸ்ஸே எட்டு மணிக்குத்தான். அதுவரைக்கும் கொஞ்சம் ஒக்காந்திருங்கன்னு கொக்குக்கிட்டச் சொல்ல முடியாதுல்ல. அதான் முந்தின நாளே போயித் தங்கணும்."

அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் கார்முகில். விலங்கியல் படித்தாள். படித்ததற்கு ஏற்ற வேலையாக ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் கண்மாய்ப் பறவைகளை எண்ணும் வேலையும் கிடைத்தது. கார்த்திகையில் தொடங்கி மாசி வரைக்கும் ஓடும். முதல் வருஷம் ரெங்கசாமி ஒவ்வொரு கண்மாய்க்கும் மகளோடு கூடவே போய், கையில் கம்போடு காவல் உட்கார்ந்திருந்தார். ஆறாவது கண்மாயில் அவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போக, கம்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மகள் அவருக்குக் காவல் இருந்தாள். விடிந்ததும் கொட்டாவி விட்டபடி, "இனிமே நீயே போய்க்க" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அவள் தனியாகத்தான் போகிறாள். ஏதாவது ஒரு வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், திட்டத்துக்காரர்கள் கொடுத்த பழைய கூடாரத்தை நட்டுக்கொள்வாள். அதன் கம்பி ஒன்று இரண்டு இடத்தில் முறிந்து, கறுப்பு டேப் சுற்றிக் கட்டு போட்டிருந்தது. மழைக்கு ஒழுகும். புதுசாக ஒன்று வேண்டும்.

அதைக் கடையில் வாங்கிக்கொள்ளாமல் சீரில் கேட்பானேன் என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் தேவிப்ரியா. கல்லூரியிலும் கண்மாயிலும் கார்முகிலோடு சேர்ந்து திரிந்தவள். போன வருஷம் கல்யாணமாகிப் போனாள். "வேலைக்குப் போறதுல எங்களுக்கு ஒரு தடையும் இல்ல" என்று அந்த வீட்டிலும் சொன்னார்கள். அவளுடைய பைனாகுலரைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவுக்குள் வைத்தார்கள். ரொம்பப் பத்திரமாக இருக்கிறது. இன்றுவரை வெளியே வரவில்லை.

கார்முகிலுக்குப் பீரோ என்றாலே ஆகாமல் போனது அப்போதிலிருந்துதான். நாலு பேர் பார்க்கச் சபையில் வைத்துக் கொடுத்த சீரை யாரும் ஒளித்து வைக்க முடியாது, இது எதுக்கு என்று பிற்பாடு கேட்கவும் முடியாது என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். சீரில் கூடாரம் போனால், கூடவே அவளுடைய வேலையும் சீரோடு சீராக அந்த வீட்டுக்குள் போய்விடும்.

கோபிநாத்தைப் பற்றி அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. அதுதான் சிக்கலே. திருச்சியில் ஒரு கம்பெனியில் வேலை. கீரனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறவன். சொந்தக் கார் இருக்கிறது, அதை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெளியே எடுப்பான். பெண் பார்க்க வந்த அன்று, "ஒங்களுக்கு எந்தப் பறவை ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டான். இருபத்து நாலு வருஷத்தில் அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. நத்தைகுத்தி நாரை என்றாள். அதிலிருந்து, பஸ் ஜன்னல் வழியாக எந்தப் பறவையைக் கண்டாலும் படம் எடுத்து, 'இதுதானா?' என்று அனுப்பிக்கொண்டிருந்தான். இதுவரை பதினோரு கொக்கும் நாலு காக்கையும் வந்திருந்தன. ஒரு தடவை மின்கம்பத்தில் சிக்கிய பாலிதீன் பையையும் அனுப்பினான்.

"சரி, கேட்டுருச்சுல்ல புள்ள. எழுதுங்க மச்சான்" என்றார் பிச்சை. சொர்ணவல்லியின் தம்பி, தாய்மாமன். குவைத்தில் பதினாறு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். எதற்கும் ஒரு குவைத் உதாரணம் வைத்திருப்பார். "இது என் கணக்கு. தாய்மாமன் சீர். என்கிட்டயே ஒரு கூடாரம் பரண் மேல கெடக்கு. நான் ஊருக்கு வரும்போது எங்க மொதலாளி குடுத்தது. குளிர் வந்துட்டா அங்கிட்டு அவுக குடும்பத்தோட பாலைவனத்துல போயித்தான் கெடப்பாக. ஒரு கம்பி கெடையாது. சுத்தி ரப்பர் குழாய்தான். காத்தடிச்சா கல்யாண மண்டபம் மாதிரி எந்திரிச்சு நிக்கும். உள்ள ஆறடி ஆளு நிமிந்து நடக்கலாம். வாசல்ல குனிய வேண்டியதே இல்ல."

"அது எத்தன கிலோ மாமா?"

"கிலோவெல்லாம் நமக்கு எதுக்கு ஆத்தா? கார்லதான போகுது."

"எத்தன கிலோ?"

"ஒரு இருபது இருக்கும். பம்போட சேத்தா இருபத்தி ரெண்டு."

"நான் நாப்பத்தி எட்டு" என்றாள் கார்முகில். "எனக்குக் கம்பிக் கூடாரம் போதும். ரெண்டு கம்பி, ஒரு துணி. மூணு கிலோ. முதுகுல போட்டுக்கிட்டு பஸ் ஏறிருவேன். தனியாளா நட்டுருவேன்."

"கம்பின்னா ஒரு நாளைக்கு ஒடையும்ல?"

"காத்துன்னா ஒரு நாளைக்குப் போகும்ல?"

"முகிலு" என்றாள் சொர்ணவல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு. சிரிக்கச் சொன்னதை நினைவுபடுத்துகிற குரல் அது. கார்முகில் சிரித்துக் காட்டினாள். அதற்குச் சிரிக்காமலே இருந்திருக்கலாம்.

பிரகதாம்பாளுக்கு விஷயம் பிடித்துப்போயிற்று. "காத்துக் கூடாரமே இருக்கட்டும் சம்பந்தி. மண்டபத்துல சீர் சாமானோட நிறுத்தி வச்சா எப்படி இருக்கும்? எங்க பக்கம் இதுவரைக்கும் யாரும் கொண்டாந்ததில்ல" என்றாள்.

கடைசியில் ரெங்கசாமிதான் வழி சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பின்னால் இருக்கிற கண்மாய்க்கரையில் இரண்டையும் நட்டுப் பார்த்துவிடலாம், எது நிற்கிறதோ அதை எழுதிக்கொள்ளலாம். பட்டியல் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரத்தில் திட்டத்தின் தலைவர் கார்முகிலுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். இந்தக் குளிர்காலத்துக்குக் கறம்பக்குடிப் பக்கத்துக் கண்மாய்கள் முழுவதும் அவள் பொறுப்பு. நாலு மாதமும் வருவாளா மாட்டாளா என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். கல்யாணம் தை மாதம். நடுவில் விழுகிறது. அவள் பதில் அனுப்பவில்லை. கோபிநாத்திடம் நேரில் ஒரு வார்த்தை பேசிவிட்டு அனுப்பலாம் என்று வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அம்மாவோடு அவள்தான் முதலில் கண்மாய்க்குப் போனாள். ஐப்பசி முடியப்போகிறது, மழை இன்னும் சரியாக இறங்கவில்லை. கண்மாயின் நடுப்பள்ளத்தில் மட்டும் தண்ணீர் கிடந்தது. நாலைந்து முக்குளிப்பான்கள் தலையை விட்டு எடுத்துக்கொண்டிருந்தன. கரையோரம் செம்புறாங்கல் தரை. அவளுடைய பழைய கம்பிக் கூடாரத்தின் கயிற்றைக் கட்டும் இரும்பு முளை அதில் இறங்கவில்லை. முதல் முளை வளைந்தது. இரண்டாவதும் வளைந்தது.

"நான் வேணா அடிக்கவா?" என்றார் ரெங்கசாமி.

"வேணாம்ப்பா."

"தனியாளா நட்டுருவேன்னு சபையில சொல்லிட்டா. இனிமே கையி ஒடஞ்சாலும் விட மாட்டா" என்று சொர்ணவல்லி ஒரு கல்லில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

கார்முகில் முளைகளை வீசிவிட்டு, பெரிய பெரிய கல்லாக நாலு புரட்டிக்கொண்டு வந்து மூலைக் கயிறுகளை அவற்றில் கட்டினாள். டேப் சுற்றிய கம்பி வளையும்போது முனகியது, ஆனாலும் நின்றது. ஆகமொத்தம் கால் மணி நேரம், இரண்டு கெட்ட வார்த்தை. பார்க்க, ஒரு பக்கம் சாய்ந்து படுத்த கன்றுக்குட்டி மாதிரி இருந்தது.

சொர்ணவல்லி மண்டி போட்டு உள்ளே ஊர்ந்து போய்ப் பார்த்தாள். "காலை நீட்டுனா தலை வெளியில கெடக்கும்போல" என்று குரல் வந்தது. ஆனால் வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "உள்ள யாரு கூப்புடுறதும் கேக்கல" என்றாள் வந்த பிறகு. அதைக் குறையாகச் சொன்னாளா நிறையாகச் சொன்னாளா என்று தெரியவில்லை.

கோபிநாத்தும் பிரகதாம்பாளும் காரில் வந்து இறங்கினார்கள். மாமாவைத்தான் காணவில்லை.

மாமா ஏன் வரவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. பரணிலிருந்து கூடாரத்தை இறக்கிப் பார்த்தால், பம்பின் குழாயை எலி தின்றிருந்தது. பிச்சை அசரவில்லை. குன்றாண்டார்கோவில் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் சார்லஸிடம் கூடாரத்தைக் கொண்டுபோய்ப் போட்டார். லாரி டயருக்குக் காற்றடிக்கிற மிஷின் அங்கே இருக்கிறது.

"இங்க அடிச்சுட்டு அங்க எப்படிண்ணே கொண்டு போவீங்க?" என்று சார்லஸ் கேட்டிருக்கிறார்.

"சீரு எப்படிக் கொண்டு போவோம்? பீரோவப் படுக்கப் போட்டா கொண்டு போறோம்? நிறுத்தி வச்சு, நாலு தெருப் பாக்கத்தான கொண்டு போறோம்? நீ அடி."

சார்லஸ் விட்டு விட்டு, பயந்து பயந்து அடித்தார். கூடாரம் எழுந்து நின்று பஞ்சர் கடையை முழுசாக மறைத்தது. அப்படியே தூக்கிக் குட்டியானை வண்டியின் பின்னால் ஏற்றி, கயிறு போட்டு, நடுவில் பிச்சை நின்றுகொண்டார். வழி நெடுக ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். "என்ன பிச்சை, வீட்டையே பேத்துக்கிட்டுக் கெளம்பிட்ட?" என்று ஒருவர் கேட்டதற்கு, "தாய்மாமன் சீரு" என்று கை உயர்த்திச் சொன்னாராம். நாலு தெருவுக்கு நன்றாகத்தான் போயிற்று. கண்மாய்க்குத் திரும்புகிற மண்பாதையில்தான் இரண்டு பக்கமும் சீமைக்கருவேல மரம். அது சீர் என்று பார்க்குமா, தாய்மாமன் என்று பார்க்குமா?

கண்மாய்க்கரைக்கு வண்டி வந்து சேர்ந்தபோது கூடாரம் ஒரு பக்கமாகக் கூனிக்கொண்டிருந்தது. இறக்குவதற்குள் மறுபக்கமும் கூனிவிட்டது. ஸ்... என்று ஒரு சத்தம். பிச்சை அதன் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார்.

"மாமா, வாசல்ல குனிய வேண்டியதே இல்லன்னீங்க" என்றாள் கார்முகில்.

"இரு ஆத்தா. காத்து போனது போகட்டும். மாமன் இருக்கேன்ல."

பின்னாலேயே பைக்கில் வந்த சார்லஸ், வாளியில் கண்மாய்த் தண்ணீரை மொண்டு குழாய்களின் மேல் ஊற்றி, குமிழி கிளம்புகிற இடத்தை விரலால் அமுக்கிக்கொண்டு போனார். ஏழு இடத்தில் குமிழி வந்தது. ஏழு முள்ளைப் பிடுங்கி வரிசையாகக் கல்லில் வைத்தார். ஏழு ஒட்டுப் போட்டார். அதன் பிறகு பெரிய மிஷினுக்கு வழியில்லை, கையால் அடிக்கிற சைக்கிள் பம்புதான். முதலில் பிச்சை அடித்தார், பிறகு ரெங்கசாமி அடித்தார். பிறகு கோபிநாத் தேய்த்துப் போட்டிருந்த சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு பம்பைப் பிடித்தான். அரை மணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"கொக்கு படம் அனுப்புறது இத விட லேசு" என்றான் மூச்சு வாங்க.

கார்முகிலுக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர்ப் பாட்டிலை அவனிடம் நீட்டினாள். அந்த நேரத்தில் அவளுக்குக் காற்றுக் கூடாரத்தின் மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை.

கடைசியில் அது எழுந்து நின்றபோது நன்றாகத்தான் இருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். நீல நிறம். பக்கத்தில் நின்ற கம்பிக் கூடாரம் அதற்குப் பிறந்த பிள்ளை மாதிரி தெரிந்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். ஒருவரும் குனியவில்லை. உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், சேலை மாற்றலாம், ஆளுக்கொரு மூலையில் கோபித்துக்கொண்டுகூட உட்காரலாம். பிரகதாம்பாள் சுற்றிச் சுற்றி வந்து குழாயைத் தட்டிப் பார்த்தாள். "வீடு மாதிரியே இருக்கு" என்றாள்.

ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தார்கள். ரெங்கசாமி சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்துப் பிரித்தார்.

"இதையே எழுதிருவோம் மாமா" என்றான் கோபிநாத் அவரிடம். பிறகு கார்முகிலின் பக்கம் திரும்பினான். அவன் குரலில் அவ்வளவு அன்பு இருந்தது. "நீ ஒரு வேலையும் பாக்க வேணாம் முகில். நானே கார்ல கொண்டாந்து, நானே காத்தடிச்சு நிறுத்தித் தாரேன். நீ பாட்டுக்குப் பறவைய எண்ணு, நான் காவலுக்கு இருக்கேன்."

"நீங்க வராத அன்னிக்கு?"

"நான் வராத அன்னிக்கு நீ எதுக்குப் போற?"

டீ டம்ளரை அவள் கீழே வைத்தாள்.

"எங்க சார் இந்த வருசம் எனக்குக் கறம்பக்குடிப் பக்கம் குடுத்திருக்காரு. நாப்பது கண்மாய். ஒங்களுக்கு லீவு ஞாயித்துக்கெழமை ஒன்னுதான்."

"அப்ப நாப்பது வாரம் போவோம்."

"பறவை மாசியோட போயிருங்க."

"அடுத்த வருசம் வரும்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். கோபிநாத்தும் விளையாட்டாகத்தான் சொன்னான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். எடுத்தெறிந்து பேசியிருப்பாள். அவனோ ஈரச் சட்டையோடு, உள்ளங்கையில் பம்புப் பிடியின் தடத்தோடு, அவளுக்காக இன்னும் நாற்பது வாரம் காற்றடிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

"லீவு நாள்ல ரெண்டு பேருமாப் போயிட்டு வாங்க, யாரு வேணாம்னா?" என்றாள் பிரகதாம்பாள். "இப்பெல்லாம் எல்லாரும் ஊட்டி கொடைக்கானல்னு போறாக. நீங்க கண்மாய்க்குப் போங்க."

கார்முகில் நீலக் குழாயை விரலால் அமுக்கிப் பார்த்தாள். பிறகு பிரகதாம்பாளிடம் கேட்டாள். "அத்தை, மத்த நாள்ல இத வீட்டுல எங்க வைப்பீங்க?"

"இதையா? காத்தப் புடுங்கிட்டா சுருட்டி வச்சுக்கலாம்ல. பீரோ மேல வைக்கலாம்."

"எந்தப் பீரோ?"

"ஒன் பீரோதான் தாயி."

கார்முகில் எட்டி, அப்பாவின் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். தேக்குக் கட்டில். அதற்குக் கீழே, ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோ. அதற்கும் கீழே, அப்போதுதான் எழுதிய மை காயாமல், காற்றுக் கூடாரம்.

"நான் பீரோவுக்குப் பதிலான்னுதானப்பா சொன்னேன்?"

ரெங்கசாமி பேனாவின் மூடியைத் தேடினார். மூடி பேனாவின் பின்பக்கம்தான் இருந்தது. "பீரோ இல்லாம எப்படித்தா? கூடாரம் மாமா செய்யிறது. பீரோ அப்பா செய்யிறது. ரெண்டும் இருக்கட்டும்."

ரெண்டும் இருக்கத்தான் போகிறது, ஒன்றின் மேல் ஒன்றாக. கார்முகிலுக்கு அந்த அறையே கண்ணில் தெரிந்தது. ஆளுயரக் கண்ணாடி, அதன் தலையில் சுருட்டி வைத்த நீல மூட்டை. வருஷத்துக்கு ஒரு தடவை தூசி தட்டுவார்கள். தேவிப்ரியாவின் பைனாகுலராவது உள்ளே இருக்கிறது. இது உள்ளே வைக்க முடியாத அளவுக்குப் பெரிசு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் போனை எடுத்தாள். 'வர்றேன் சார். நாலு மாசமும்' என்று தட்டி அனுப்பினாள். மத்தியானம்கூட ஆகவில்லை, சாயங்காலம் வரைக்கும் நேரம் இருந்தது. அதுவரை காத்திருக்க அவசியம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

"அப்பா, கூடாரத்த அடிச்சிருங்க. சீர்ல எழுத வேணாம்."

"ஏன் ஆத்தா, மறுபடி அடிச்சுப் பாப்போம், நல்லாத்தான் நிக்குது" என்றார் பிச்சை பதறிப்போய்.

"ஒங்க கூடாரத்துக்கு ஒரு கொறையும் இல்ல மாமா. நாலு பேரு சேந்து தூக்கி, மூணு பேரு காத்தடிச்சு, ஒருத்தர் பஞ்சர் ஒட்டுனா ராஜா மாதிரி நிக்குது. நான் ஒருத்திதான் இருக்கேன்."

சார்லஸ் வெளியிலிருந்து, "தங்கச்சி சொல்றது சரிதாண்ணே" என்றார். பிச்சை அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"முகிலு, ஒக்காரு" என்றாள் சொர்ணவல்லி. மகள் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. ஆனாலும் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

கார்முகில் எழுந்தாள். "நாளைக்கு நான் கறம்பக்குடி போறேன்மா. மாசி கடைசி வரைக்கும் அங்கிட்டுத்தான் வேலை. வாரா வாரம் வீட்டுக்கு வாரேன்."

"மாசியா? கல்யாணம் தையிலல்ல தாயி?" என்றாள் பிரகதாம்பாள்.

"பங்குனியில வைக்கலாம்னா எனக்குச் சம்மதம் அத்தை. அதுக்கப்பறமும் கார்த்திகை வந்தா நான் தனியாத்தான் போவேன். அதுவும் சம்மதம்னா பீரோவ எழுதுங்க, கட்டில எழுதுங்க, என்ன வேணும்னாலும் எழுதுங்க. இல்லாட்டி எதையும் எழுத வேணாம்."

எங்கோ ஒரு ஒட்டு விட்டுப்போய் ஸ்... என்று மெலிசாகக் கேட்க ஆரம்பித்தது. சார்லஸ் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனார்.

"கோவமா?" என்று கேட்டான் கோபிநாத்.

"கோவந்தான். ஆனா சட்டை நனைய நீங்க காத்தடிச்சது எனக்குப் பிடிச்சிருந்தது. அதையும் சொல்லிர்றேன்."

அவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான்.

"பேசணும்னா கறம்பக்குடிப் பக்கம் வாங்க" என்றாள் அவள். "வாரதுன்னா காலையில அஞ்சரைக்குள்ள வரணும். அந்நேரத்துக்குப் பஸ் கெடையாது. முந்தின நாளே வந்து தங்குறதுன்னா, ஒங்க கூடாரத்த நீங்களே முதுகுல தூக்கிட்டு வாங்க. என்னோடது ஒரு ஆளுக்குத்தான் காணும்."

ரெங்கசாமி பேனாவைத் தாளின் மேல் வைத்துக்கொண்டு இருந்தார். எந்த வரியை அடிப்பது என்று மகளும் சொல்லவில்லை, சம்பந்தியும் சொல்லவில்லை. சொர்ணவல்லி மட்டும், "வெளியில கெடக்குற முளையையும் மறக்காம எடுத்துக்க, வளஞ்சிருந்தாலும் தட்டி நிமித்திக்கலாம்" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

கார்முகில் நீல வாசலைத் தாண்டி வெளியே வந்தாள். மாமா சொன்னது நிஜம்தான், குனிய வேண்டியிருக்கவில்லை. கல்லில் கட்டிய கயிறுகளை அவிழ்த்தாள். கம்பிகளை மடக்கினாள். துணியைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். வளைந்த முளைகளைப் பொறுக்கிப் பக்கப் பையில் போட்டாள். மொத்தம் நாலு நிமிஷம். பின்னால் சைக்கிள் பம்பு மறுபடியும் அடிக்கிற சத்தம் கேட்டது. யார் அடிக்கிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பையை முதுகில் மாட்டிக்கொண்டு, கருவேல மரங்களுக்கு நடுவே, முள் படாமல் ஒதுங்கி ஒதுங்கி, ரோட்டைப் பார்த்து நடந்தாள்.